கூட்டுப்புழு உறங்கவில்லை: மாணவர் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வீட்டு ஈயின் வாழ்க்கைச் சுழற்சி படத்துடன் வந்திருந்தது. முட்டைக்கும் புழுவுக்கும் முதிர்ந்த ஈக்கும் எழுதியிருந்த விளக்கத்தில் குறையில்லை. கூட்டுப்புழுவின் கீழே மட்டும் "ஓய்வுப் பருவம், உண்ணாது, அசையாது, உறங்கும்" என்று இருந்தது. உண்ணாது என்பது சரி. இடம்பெயராது என்பதும் சரி. உறங்கும் என்பது தவறு. இந்தச் சொல் வழிகாட்டி நூல்களிலும் ஒரு மதிப்பெண் வினாக்களிலும் பல ஆண்டுகளாகப் புரண்டுகொண்டிருக்கிறது. வேலூர் வட்டாரக் கல்லூரிகளில் விலங்கியலும் உயிர்வேதியியலும் சொல்லிக்கொடுக்கும் நாங்கள் இதை ஒரு வரித் திருத்தத்தோடு விட மனமில்லாமல் சற்று நீளமாகவே எழுதுகிறோம். உறங்குகிறது என்று படித்த பிள்ளை, காலும் இறக்கையும் இல்லாத புழுவுக்குப் பறக்கும் தசை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. அந்த ஒரு கேள்விக்குள் தசை இயங்கியலின் பாதியும் உயிர்வேதியியலின் பாதியும் அடங்கியிருக்கின்றன.

முதலில் அந்தப் பழுப்புக் கூட்டைப் பார்ப்போம். பட்டுப்புழு நூற்பதுபோல ஈப்புழு கூடு கட்டுவதில்லை. மூன்றாம் பருவப் புழு தீனியை விட்டு விலகி, உலர்ந்த இடம் தேடி ஊர்ந்து, உடலைச் சுருக்கிப் பீப்பாய்போல ஆகிறது. அப்போது கடைசிப் புழுத்தோலே உரியாமல் இறுகிக் கூடாகிறது. முதலில் வெள்ளையாக இருக்கும். சில மணி நேரத்தில் செம்பழுப்பாகும். டைரோசின் என்ற அமினோ அமிலம் டோபமைனாகி, அது அசெட்டைல் டோபமைனாகி, நொதியால் ஆக்சிஜனேற்றம் பெற்றுத் தோலிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைப்பதால் வரும் நிறம் அது. நீல ஈப் புழுவில் இந்த வழியை 1962இல் கார்ல்சனும் செக்கரிஸும் காட்டினார்கள். தோல் பதனிடுவதற்கும் இதற்கும் வேதியியல் உறவு உண்டு. இரண்டிலும் புரத இழைகளுக்கிடையே பிணைப்பு போடுவதுதான் வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்த உவமையைச் சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது.

கூட்டின் உள்ளே நடப்பது இடிப்பும் கட்டுமானமும். ஆய்வகங்களில் வளர்க்கும் பழ ஈயின் புழுவுக்குப் பெரும்பாலான வயிற்றுக் கண்டங்களில் பக்கத்துக்கு 30 தசைகள், ஊர்வதற்கு என்றே அமைந்தவை. கூடாகிய பின் அவற்றில் பெரும்பாலானவை உடைக்கப்படுகின்றன. செல்லுக்குள் இருக்கும் செரிமான நொதிகள் உடைக்க, இரத்த அணுக்கள் சிதைவைத் தின்று தீர்க்கின்றன. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியும் குடலும் இதேபோல் போகின்றன. அதே நேரத்தில், புழுவின் உடலுக்குள் இறக்கை மொட்டு என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சிறு தட்டையான திசுவிலிருந்து, அதில் ஒட்டியிருந்த, தசையாக மாறப்போகும் முன்செல்கள் மார்புப் பகுதிக்குள் பரவுகின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மார்பில் பக்கத்துக்கு மூன்று புழுத்தசைகள் மட்டும் முழுமையாக அழியாமல் தப்புகின்றன. புதிய செல்கள் அவற்றோடு இணைகின்றன. மூன்றும் நீளவாக்கில் பிளந்து ஆறாகின்றன. பழ ஈயில் 25 டிகிரி வெப்பத்தில், கூடான பின் சுமார் 20 மணி நேரத்துக்குள் இந்தப் பிளவு முடிந்துவிடுகிறது. ஈயின் முதுகோரமாக நீளவாக்கில் ஓடும் பெரிய பறப்புத் தசைகள் இவைதாம். மேலிருந்து கீழாக நிற்கும் இன்னொரு தொகுதி, பழைய அச்சு எதுவும் இல்லாமல் புதிதாகவே உருவாகிறது. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தசைத் தொகுதிகள், இரண்டு வேறு முறையில் கட்டப்படுகின்றன. இதை 1991இல் விளக்கியவர்களில் ஒருவர், பின்னாளில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றிய விஜயராகவன். வேலூரிலிருந்து நாலைந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரில் வளர்ந்த ஆய்வு மரபு அது. நம் பாடநூல்களில் ஒரு வரியாவது வரவேண்டும்.

கட்டுமானத்துக்குச் செங்கல் வேண்டுமே. வாயும் இல்லை, தீனியும் இல்லை. புழு தின்று கொழுத்த நாட்களிலேயே சேமிப்பு நடந்துவிட்டது. முழு வளர்ச்சியடைந்த நீல ஈப் புழுவின் இரத்தத்தில் கரைந்திருக்கும் புரதத்தில் பெரும்பங்கு காலிஃபோரின் என்ற ஒரே புரதம். ஆறு துண்டுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. எடை சுமார் 5 லட்சம் டால்டன், அதாவது ஏறத்தாழ 5 லட்சம் ஹைட்ரஜன் அணுக்களின் எடை. டைரோசினும் ஃபினைல் அலனினும் மிகுந்தது. கூட்டுக்குள் நாள் செல்லச்செல்ல இது குறைந்து, புதிய தசைக்கும் புதிய தோலுக்கும் அமினோ அமிலமாகக் கரைந்து போகிறது. புழு அரைப்பட்டினியாக வளர்ந்தால் ஈ சிறுத்துப் பிறப்பதற்குக் காரணம் இந்தக் கையிருப்புக் குறைவு. பிறந்த பின் எவ்வளவு சர்க்கரை கொடுத்தாலும் சிறுத்த ஈ பெரிதாகாது.

இதையெல்லாம் நம்பச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சை அளந்து காட்டலாம். கத்தி வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம்.

10 மில்லி சோதனைக் குழாய் இரண்டு, ஒற்றைத் துளை ரப்பர் அடைப்பான் இரண்டு, 1 மி.மீ. உள்விட்டமும் 20 செ.மீ. நீளமும் உள்ள கண்ணாடி நுண்குழாய் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயின் அடியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் 10 விழுக்காடு கரைசல் சில சொட்டு நனைத்த வடிதாள். அதற்கு மேலே உலர்ந்த பஞ்சு. பஞ்சின் மேல் ஒரே நாளில் கூடான 10 வீட்டு ஈக் கூடுகள். மற்றக் குழாயில் எல்லாம் அப்படியே, கூடுகளுக்குப் பதில் அதே அளவு கண்ணாடி மணிகள். நுண்குழாயை அடைப்பானில் செருகி, வெளி முனையில் சிவப்பு மையிட்ட ஒரு துளி நீரை ஏற்றி, குழாயைப் படுக்கைவாட்டில் வையுங்கள். கூடு ஆக்சிஜனை எடுக்கிறது. வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் காரம் உறிஞ்சிவிடுகிறது. துளி உள்நோக்கி நகர்கிறது. 1 செ.மீ. நகர்ந்தால் 7.85 மைக்ரோலிட்டர். 10 நிமிடம் பொறுத்து, பின் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து அளவுகள் குறித்துக்கொண்டு, மணிக் குழாயில் ஏற்பட்ட நகர்வைக் கழித்துவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது வெப்பத்தால்தான். உள்ளங்கைச் சூடு பட்டாலே காற்று விரிந்து துளி வெளியே ஓடிவிடும். இரண்டு குழாயையும் ஒரே வாளித் தண்ணீரில் முக்கால் பங்கு அமிழ்த்தி வைக்க வேண்டும். வாளியை ஜன்னல் வெயிலில் வைக்கக் கூடாது. அடுத்த தவறு, காரம் பஞ்சில் ஏறிக் கூட்டைத் தொடுவது. அப்படித் தொட்டால் கூடு செத்துவிடும், துளி நின்றுவிடும், மாணவர் "ஓய்வு" என்று எழுதிவிடுவார். கரைசல் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதை ஆசிரியரே ஊற்ற வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில் அளந்து வரைபடம் போட்டால் ஆங்கில எழுத்து யூ போன்ற கோடு கிடைக்கும். முதல் நாள் உயரம், நடுவில் தாழ்வு, ஈ வெளிவருவதற்கு முன் செங்குத்தான ஏற்றம். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வீட்டு ஈக்குக் கூட்டுக்காலம் நாலைந்து நாள்தான் என்பதால் ஒரு வாரத்துக்குள் வரைபடம் முடிந்துவிடும்.

நடுவில் தாழ்கிறதே, அதுதானே ஓய்வு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தாழ்வு, மூச்சு வாங்கும் திசுக்கள் உடைக்கப்பட்டுவிட்டதால் வருவது. பழைய தசையில் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரித்த மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் போய்விட்டன, புதியவை இன்னும் வரவில்லை. பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுப் புதுத் தளம் போடும் வீட்டில் அன்றைக்கு அடுப்பெரியாது. அதற்காக அங்கே வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. பின்பாதியில் கோடு ஏறுவது, பறப்புத் தசையில் மைட்டோகாண்ட்ரியாக்களும் அவற்றின் சுவாச நொதிகளும் பெருகுவதோடு ஒட்டி நடக்கிறது.

இதே குழாயில் இன்னொன்றும் பார்க்கலாம். காரத்தை எடுத்துவிட்டு வெறும் நீர் நனைத்த தாளை வைத்துத் திரும்ப அளந்தாலும் துளி உள்ளேதான் நகரும், ஆனால் மெதுவாக. காரம் இருந்தபோது 10 பங்கு நகர்ந்தது, இல்லாதபோது 3 பங்கு நகர்ந்தது என்றால், வெளிவந்த கார்பன் டை ஆக்சைடு 7 பங்கு. வெளிவந்த கார்பன் டை ஆக்சைடை உள்ளே போன ஆக்சிஜனால் வகுத்தால் வருவது சுவாச ஈவு; இங்கே 0.7. கொழுப்பு எரிகிறது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. கூட்டுக்குள் எரிபொருள் கொழுப்பு. வெளியே வந்து பறக்கும் ஈக்கு அந்த ஈவு 1, அதாவது சர்க்கரை. ஒரே உயிர், ஒரே வாரத்துக்குள் அடுப்பை மாற்றிக்கொள்கிறது.

இந்த இடிப்பையும் கட்டுமானத்தையும் தொடங்கச் சொல்வது யார்? எக்டைசோன் என்ற ஹார்மோன். மூளைக்குப் பின்னால் வளையம்போல் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது. இதை ஒரு தையல் நூலால் காட்டலாம். 1930களில் ஃப்ரேங்கல் நீல ஈப் புழுவில் செய்த சோதனை இது. வேலூர் வெயிலுக்குச் சதை ஈ இன்னும் வசதி. மூன்று கறுப்புக் கோடு முதுகும் சதுரங்கக் கட்டம்போன்ற வயிறும் கொண்ட பெரிய ஈ. முட்டையிடாமல் புழுவாகவே ஈனும். மீன் கடையில் கழித்த குடலை ஒரு சட்டியில் நிழலில் வைத்தால் தேடி வரும். புழு பெரிது என்பதால் கட்டுவது எளிது.

தீனி தின்னும் புழுவின் முன்பகுதியில் கருத்த உணவுப்பை தோல் வழியே தெரியும். அது காலியாகி மறைந்தபின் புழுவை எடுத்துத் தண்ணீர் சிறிது விட்ட டப்பாவில் போடுங்கள். சதைஈப் புழு நனைந்திருக்கும் வரை கூடாவதைத் தள்ளிப்போடும். வேண்டியபோது வடித்து உலர்த்தினால், ஏறத்தாழ ஒரு நாளில் எல்லாம் ஒரு சீராகக் கூடாகும். சோதனைக்கு இது பெரிய சௌகரியம். உலர்த்திய பின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆறு புழுவாக எடுத்து, பனிக்கட்டி மேல் 10 நிமிடம் வைத்து அடக்கி, முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் மெல்லிய பட்டுநூலால் இரட்டைச் சுற்றுப் போட்டு இறுக்குங்கள். ஆறு புழுவைக் கட்டாமல் ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

முன்கூட்டியே கட்டிய புழுக்களில் முன்பகுதி மட்டும் சுருங்கிப் பழுப்பாகும். பின்பகுதி வெள்ளைப் புழுவாகவே உயிரோடு நெளியும். தாமதமாகக் கட்டியவற்றில் முழு உடலும் பழுப்பாகும், ஏனென்றால் ஹார்மோன் ஏற்கெனவே கடந்துவிட்டது. எந்த மணியில் கட்டியவை மாறுகின்றன என்று பார்த்தால், ஹார்மோன் புறப்பட்ட நேரமே தெரிந்துவிடும். நூல் தளர்ந்திருந்தால் இரத்தம் கசிந்து பின்பகுதியும் அரைகுறையாக நிறம் மாறும். வெட்டும் அளவுக்கு இறுகினால் புழு கறுத்துச் செத்துவிடும். அந்தக் கறுப்பையும் கூட்டின் செம்பழுப்பையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கட்டாதவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த நூல் கட்டிய புழு இல்லாமல் எக்டைசோனே பிடிபட்டிருக்காது. 1954இல் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து வெறும் 25 மில்லிகிராம் தூய ஹார்மோன் எடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் எந்தச் சாற்றில் ஹார்மோன் இருக்கிறது என்று சொன்னது, கட்டப்பட்ட நீல ஈப் புழுவின் பின்பகுதி. ஊசி போட்ட சாறு அதைப் பழுப்பாக்கினால் அதில் ஹார்மோன் இருக்கிறது என்று பொருள்.

இப்போது கட்டி முடித்த தசைக்கு வருவோம். வீட்டு ஈ வினாடிக்கு ஏறத்தாழ 200 முறை இறக்கையடிக்கிறது. நம் பாடகிகள் பலர் ஆதார ஷட்ஜமமாக வைக்கும் ஐந்து கட்டைச் சுருதி 196 ஹெர்ட்ஸ். காதருகே ஈ ரீங்காரமிடுவது ஏறத்தாழ அந்த ஸ்வரத்தில்தான். நரம்பு ஒவ்வொரு அடிக்கும் கட்டளை அனுப்புகிறது என்று எழுதுவது இன்னொரு பரவலான பிழை. பழ ஈயில் பறப்புத் தசைக்கு நரம்புத் துடிப்பு வினாடிக்கு ஐந்து, பத்து என்ற அளவில்தான் வருகிறது. மீதி அடிகள் எங்கிருந்து? 1949இல் பிரிங்கிள் இதை அவிழ்த்தார். நரம்பு கால்சியத்தைத் திறந்துவிட்டுத் தசையைத் தயார் நிலையில் வைக்கிறது, அவ்வளவுதான். முதுகுத் தசை சுருங்கும்போது மார்புப் பெட்டி வளைந்து, மேலிருந்து கீழாக நிற்கும் தசை இழுபடுகிறது. இழுபட்டதே அதற்குச் சுருங்கச் சொல்லும் சமிக்ஞை. அது சுருங்க, முதலாவது இழுபடுகிறது. இப்படி இரண்டும் மாறி மாறி. இறக்கையோடு நேராக ஒட்டாமல் பெட்டியை நசுக்கியும் விட்டும் இறக்கையை ஆட்டுகின்றன. ஒவ்வொரு முறையும் தசை சுருங்குவது அதன் நீளத்தில் இரண்டு, மூன்று விழுக்காடுதான். வினாடிக்கு 200 முறை கால்சியத்தைக் கொட்டி அள்ள வேண்டியிருந்தால் அதற்கான பைகளே தசையை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த இடம் மிச்சமாகி மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கிடைத்தது. தசைப் பருமனில் மூன்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் அவைதாம்.

எரிபொருள் கணக்கு இன்னும் அழகு. ஓடிக் களைத்த மனிதத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது என்று பத்தாம் வகுப்பிலேயே படிக்கிறோம். ஈயின் பறப்புத் தசையில் அது நடப்பதில்லை. லாக்டேட் உண்டாக்கும் நொதி அங்கே மிகச் சொற்பம். மூச்சுக் குழல்கள் தசை நாருக்குள்ளேயே புகுந்து ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பதால் பற்றாக்குறையும் வருவதில்லை. ஆனாலும் குளுக்கோஸ் உடையும்போது, ஹைட்ரஜனைச் சுமக்கும் என்ஏடி என்ற மூலக்கூறு ஹைட்ரஜனை ஏற்றி என்ஏடிஎச் ஆகிறது; அது சுமையை இறக்கித் திரும்ப என்ஏடி ஆக வேண்டும். இல்லாவிட்டால் உடைப்பு நின்றுவிடும். ஈ இதற்கு வேறு வழி வைத்திருக்கிறது. டைஹைட்ராக்சி அசிட்டோன் பாஸ்பேட் அந்த ஹைட்ரஜனை வாங்கிக் கிளிசரால் பாஸ்பேட்டாகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் வெளிமுகத்திலுள்ள நொதி அதைப் பறித்துக்கொண்டு பழையபடி ஆக்கி அனுப்புகிறது. கிணற்று உருளையில் இறங்கி ஏறும் வாளிபோல, அதே மூலக்கூறு சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. இந்த நொதி இல்லாத பழ ஈ உயிரோடு இருக்கும், ஒழுங்காகப் பறக்காது.

புழுவிலோ நிலைமை வேறு. பழ ஈப் புழுவில் லாக்டேட் நொதி ஏராளம். வேகமாக உடல் வளர்ப்பதற்கு அந்த வழி உதவுகிறது. கிளிசரால் பாஸ்பேட்டை உண்டாக்கும் நொதியிலும் புழுவுக்கு ஒரு வடிவம், பறப்புத் தசைக்கு இன்னொரு வடிவம், இரண்டும் ஒரே மரபணுவிலிருந்து. உறங்குகிறது என்று நாம் எழுதிய அந்த நாலைந்து நாளில்தான் இந்த மாற்றமெல்லாம் நடக்கிறது.

ஈயின் இரத்தச் சர்க்கரை பெரும்பாலும் டிரெஹலோஸ்; இரண்டு குளுக்கோஸ் ஒட்டிய சர்க்கரை. பறக்கத் தொடங்கிய நொடியில் சர்க்கரை வேகமாக உடைந்து, அதன் துண்டான பைருவேட் குவிகிறது. அந்தத் துண்டை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரித்து முடிக்கும் கிரெப்ஸ் சுழற்சியில் அதை ஏற்கும் ஆக்சலோ அசிட்டேட் போதாமல் இருக்கிறது. அப்போது புரோலின் என்ற அமினோ அமிலம் எரிந்து, குளூட்டமேட் வழியாகச் சுழற்சிக்குள் புகுந்து, அந்தக் குறையை நிரப்புகிறது. விறகு பற்ற முதலில் சுள்ளி வைப்பதுபோல. சாக்டரும் சில்ட்ரெஸ்ஸும் 1967இல் இதை நீல ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபோர்மியா என்ற ஈயில் கண்டார்கள். ஆப்பிரிக்காவில் இரத்தம் குடிக்கும் செட்சே ஈயோ சுள்ளியையே விறகாக்கிக்கொண்டது. அதன் முக்கிய எரிபொருளே புரோலின்.

ஈ கூட்டை உடைத்து வெளியே வந்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. நெற்றியிலிருந்து ஒரு பையை ஊதிப் பெருக்கி மூடியைத் தள்ளுகிறது. அந்த வேலைக்கென்றே தலையிலும் வயிற்றிலும் தசைகள் உண்டு. வெளிவந்து இறக்கை விரிந்ததும் அவை கரைந்துபோகின்றன; பழ ஈயின் வயிற்றுத் தசைகளில் இது ஏறத்தாழ அரை நாளில் முடிகிறது. ஒரே ஒரு முறை பயன்படுத்தக் கட்டிய தசை. மண்ணுக்குள் புதைந்த கூட்டிலிருந்து வரும் ஈ, மண்ணைக் கடக்கும் வரை இறக்கையை விரிக்காமல், தோலைக் கடினமாக்காமல் பொறுத்திருக்கும். வெளியே வந்ததும் நரம்பு மண்டலத்திலிருந்து பர்சிகான் என்ற ஹார்மோன் பாயும். சாம்பல் வெளுப்பாக இருந்த உடல் கண்ணெதிரே கறுக்கும். வெளிவந்த நிமிடமே கழுத்தில் நூல் கட்டிய நீல ஈ வெளுப்பாகவே நின்றுவிடும்.

பறப்புத் தசையோ முதல் வாரம் முழுவதும் முதிர்கிறது. லெவன்புக்கும் வில்லியம்ஸும் 1956இல், ஃபோர்மியா ஈ பிறந்த முதல் வாரத்தில் தசை மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள சைட்டோகுரோம் சி என்ற சுவாசப் புரதத்தின் அளவும் இறக்கையடி வேகமும் கைகோத்து உயர்வதைக் காட்டினார்கள். இதில் வேகத்தை மட்டுமாவது கைபேசியால் அளக்கலாம். ஒலி அதிர்வெண் காட்டும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. ஈயைப் பனிக்கட்டியில் இரண்டு நிமிடம் வைத்து, குண்டூசித் தலையில் உருக்கிய தேன்மெழுகு ஒரு பொட்டு எடுத்து, அது பளபளப்பு மங்கும் வரை ஆறவிட்டு, மார்பின் முதுகுப்புறத்தில் நடுவில் ஒட்டுங்கள். கால்களுக்கு ஒரு காகித உருண்டை கொடுத்துக் கால் மணி நேரம் தெளியவிடுங்கள். உருண்டையை உருவியதும் பறக்கத் தொடங்கிவிடும்; கால் தரையை விட்டதே அதற்குக் கட்டளை. மெழுகு சூடாக இருந்தால் அடியிலுள்ள தசை வெந்துவிடும். பக்கவாட்டில் வழிந்தால் இறக்கை மூட்டு சிக்கி, சுருதி தாறுமாறாகும். செயலி சிலவேளை 400 என்று காட்டும். ஒரு அடிக்கு இரண்டு முறை காற்று தள்ளப்படுவதால் வரும் இரட்டிப்பு அது. வெப்பம் கூடினாலும் சுருதி ஏறும். முதல் நாள் காலை 26 டிகிரியில் அளந்துவிட்டு ஏழாம் நாள் மதியம் 36 டிகிரியில் அளந்தால், தசை முதிர்ந்ததா, அறை சூடானதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வளர்ப்பு முறையும் சொல்லிவிடுகிறோம். வீட்டு ஈப் புழுவுக்குக் கோதுமைத் தவிடு 100 கிராம், பால் பவுடர் 10 கிராம், ஈஸ்ட் 3 கிராம், தண்ணீர் சுமார் 130 மில்லி. கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் அடியில் காற்றில்லாமல் புளித்து நாறும், புழு மேலேறித் தப்பிவிடும். காய்ந்தால் புழு சிறுத்துவிடும். மண்சட்டியில் போட்டு மல் துணியால் கட்டி, சுற்றிலும் ஒரு விரல் உயரம் உலர்ந்த மரத்தூள் கொடுத்தால் புழு தானே அங்கே போய்க் கூடாகும். பெரிய ஈக்குச் சர்க்கரையும் தண்ணீர்ப் பஞ்சும் மட்டும் போதாது. பால் பவுடர் வைக்காவிட்டால் முட்டை இராது. கை கழுவும் பழக்கத்தை மாணவர்களிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

பழ ஈக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகார் 10 கிராம், தண்ணீர் 1 லிட்டர். காய்ச்சி இறக்கி, சூடு தணிந்தபின் புரோப்பியோனிக் அமிலம் 7.5 மில்லி. கொதிக்கும்போதே அமிலத்தை ஊற்றினால் ஆவியாகிப் போகும், பூசணம் வந்துவிடும். இதன் கூடு ஏறத்தாழ ஒளி ஊடுருவக்கூடியது. கைலென்ஸே போதும்: 25 டிகிரியில் இரண்டாம் நாள் கண் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் சிவக்கும், பிறகு மடித்து வைத்த இறக்கை சாம்பலாகிக் கறுக்கும், நான்காம் நாள் முடிந்ததும் ஈ வெளியே.

நம் ஊரில் இதற்கு ஒரு தடை உண்டு. தொடர்ந்து 30, 31 டிகிரிக்கு மேல் வளர்ந்த பழ ஈயின் ஆண்கள் மலடாகிவிடும். பாட்டிலில் முட்டை இருக்கும், புழு வராது. சித்திரை, வைகாசியில் வேலூர் ஆய்வகங்களில் பழ ஈ அற்றுப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மருந்து வாசனை, எறும்பு என்று வேறு எதையோ பழிப்பார்கள். பெரிய மண்பானைக்குள் சிறியதை வைத்து, இடையில் மணல் நிரப்பி, காலையும் மாலையும் நனைத்து, பாட்டிலை உள்ளே வைத்தால் கோடையின் வறண்ட காற்றில் சில டிகிரி குறையும். ஐப்பசி மழையில் காற்று ஈரமாக இருக்கும்போது அந்தப் பானை குளிராது. ஆனால் அப்போது தேவையும் இருக்காது. தொடங்க ஏற்ற காலம் கார்த்திகை முதல் மாசி வரை.

கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் ஒன்று. புழுவைக் கொல்லும் மருந்தை எருக்குவியலின் நடுவில் தெளித்துவிட்டு, நாலு நாளில் ஈ மறுபடி மொய்க்கிறதே என்று நொந்துகொள்பவர்கள் பலர். கூடானது எதையும் உண்ணாது, இறுகிய தோல் மருந்தை உள்ளே விடாது. அது குவியலின் நடுவிலும் இருக்காது, உலர்ந்த ஓரத்தில் இருக்கும். சைரோமசைன் போன்ற மருந்துகள் புழுவுக்குத்தான் வேலை செய்யும். ஓர மண்ணை வாரி, சூடேறிய குவியலின் நடுவில் புதைப்பதே கூட்டுக்கு மருந்து. மட்கும் எரு 50 டிகிரியைத் தாண்டினால் தப்பாது.

மாணவர் பக்கத்தின் படத்தில் "ஓய்வுப் பருவம்" என்பதை எடுத்துவிட்டு "உருமாற்றப் பருவம்: பழைய தசை கரைந்து பறக்கும் தசை உருவாகிறது" என்று திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். இடமிருந்தால் துளி நகரும் குழாயின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்; வரைந்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
விலங்கியல், உயிர்வேதியியல் ஆசிரியர்கள் சிலர்,
வேலூர்.